ஆலை மூடி 30 வருஷம் ஆகுது, விஷம் ஏன் இன்னும் போகலை? ராணிப்பேட்டை குரோமியக் கழிவின் கதை

சென்னையில் வேலை பார்ப்பவர் என்றால், ஒரு தடவையாவது தடா அருவிக்கு பைக்கில் போகலாம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு எழுந்திருக்கும். கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் நுழைந்து, தடாவில் இடப்பக்கம் திரும்பினால் ஸ்ரீகாளஹஸ்தி போகிற ரோடு. வரதய்யபாளையம் அந்த ரோட்டில்தான் இருக்கிறது. அருவிக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் உப்பலமடுகு.

போகும் வழியில் ஸ்ரீசிட்டியின் பலகைகளைப் பார்த்திருப்பீங்க. 2008-ல் தொடங்கிய இந்தத் தொழில் நகரம் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரவிக் கிடக்கிறது. கார், ஏசி, சாக்லேட் எனப் பலவும் இங்கே தயாராகின்றன. இதைப் படிக்கும் சிலர் அங்கேயே வேலை பார்ப்பவர்களாகவும் இருக்கலாம். சுற்றிலும் நெல் வயல், ஏரி. இந்தப் பக்கம் பெய்யும் மழை கடைசியில் போய்ச் சேரும் இடம் பழவேற்காடு ஏரி.

ஸ்ரீசிட்டியில் ஏதோ தப்பு நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. இப்படிப் புதிதாக எழும் ஒரு தொழிற்பேட்டையைப் பார்க்கும்போது எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆலை ஓடும்வரை வேலை, சம்பளம், ஏற்றுமதி எல்லாம் சரி. ஆலை நின்றபிறகு அங்கே என்ன மிஞ்சும்? இதற்குப் பதில் இங்கிருந்து தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது. ஊர் ராணிப்பேட்டை.

ராணிப்பேட்டையில் என்ன நடந்தது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் தொழில். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத்தான் தோலைப் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஊற வேண்டும். 1970-களில் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, முழுதாகப் பதனிட்ட தோலையும் செருப்பு, ஷூவையும் ஏற்றுமதி செய்யச் சொன்னது. அந்நியச் செலாவணி அதிகம் வரும் என்பது கணக்கு. அதற்கு வேகம் வேண்டும். குரோமிய உப்பு போட்டால் வாரக்கணக்கான வேலை ஒரு நாளில் முடியும். தோல் நீல நிறமாகும், அதனால்தான் தொழிலில் அதற்கு 'வெட் ப்ளூ' என்று பெயர்.

இந்தக் குரோமிய உப்பை உள்ளூரிலேயே செய்து கொடுக்க வந்ததுதான் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் லிமிடெட். ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் 1970-களின் நடுவில் உற்பத்தி தொடங்கி, 1990-களின் நடுவில் நின்றுபோனது. ஏறத்தாழ 20 வருஷம்தான் ஓடியது. அந்த 20 வருஷத்தில் சேர்ந்த குரோமியக் கழிவு சுமார் 1.5 லட்சம் டன். பிந்தைய மதிப்பீடுகள் இன்னும் கூடுதலாகவே சொல்கின்றன. அத்தனையும் ஆலை வளாகத்திலேயே, திறந்தவெளியில், அடியில் விரிப்புகூட இல்லாமல் மலையாகக் குவிக்கப்பட்டது.

2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் உலகின் மிக மாசடைந்த 10 இடங்களைப் பட்டியலிட்டது. செர்னோபில் இருந்த அதே பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. இந்தியாவிலிருந்து அந்த வருஷம் இடம்பிடித்த ஒரே ஊர் அதுதான்.

குரோமியம் அவ்வளவு மோசமா? ஸ்டீல் தட்டில்கூட இருக்கே?

இருக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் துரு பிடிக்காததே குரோமியத்தால்தான். இங்கே கவனிக்க வேண்டியது அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை. உங்க ஷூ தோலில் இருப்பது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, மண்ணில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆபத்தானது ஆறு இணைதிறன் கொண்ட வடிவம், 'ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்' என்பார்கள். ஜூலியா ராபர்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த 'எரின் ப்ரோக்கோவிச்' படம் பார்த்திருந்தால் இந்தப் பெயர் ஞாபகம் வரும். கலிபோர்னியாவின் ஹிங்க்லி ஊர் நிலத்தடி நீரில் கலந்தது இதுதான். அந்த வழக்கில் 1996-ல் நிறுவனம் 33.3 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

ராணிப்பேட்டை ஆலையில் வேலை இப்படி நடந்தது. குரோமியத் தாதுவைச் சோடா உப்பு, சுண்ணாம்போடு சேர்த்து உலையில் வறுப்பார்கள். அப்போது தாதுவில் இருக்கும் மூன்று, ஆறாக மாறும். அதைத் தண்ணீரில் கரைத்து எடுத்து, அமிலம் சேர்த்து சோடியம் டைகுரோமேட் ஆக்குவார்கள். அதை மறுபடியும் மூன்றாக மாற்றினால் தோல் பதனிடும் உப்பு. கரைத்து எடுத்தது போக மிஞ்சும் சக்கைதான் அந்த மலை. எவ்வளவு கழுவினாலும் சக்கைக்குள் கொஞ்சம் ஆறு மாட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்யும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வரும். டீத்தூளை ஒருமுறை வடிகட்டியபிறகும் மறுபடி கொதிக்கவைத்தால் நிறம் இறங்குகிறதே, அந்த மாதிரி.

வெளியே வந்தபிறகு மண்ணாலும் அதைப் பிடித்துவைக்க முடியாது. களிமண்ணுக்கு எதிர்மின் தன்மை உண்டு. குரோமேட்டுக்கும் அதே தன்மை. ஒன்றையொன்று தள்ளும். அதனால் குரோமேட் தண்ணீரோடு சேர்ந்து ஓடிவிடும். மனித உடம்பில் வேறொரு ஏமாற்று வேலை நடக்கிறது. செல்லுக்கு சல்பேட் தேவை, அதற்கென்று வாசல் வைத்திருக்கிறது. குரோமேட் பார்ப்பதற்கு சல்பேட் மாதிரியே இருப்பதால் அதே வாசல் வழியே உள்ளே போய்விடும். உள்ளே போய் ஆறு மூன்றாக மாறும்போதுதான் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் வைத்திருக்கிறது. தூசியாகச் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் என்பதற்குத்தான் வலுவான ஆதாரம். குரோமேட் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆறாத தோல் புண்ணும், மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுவதும் உலகெங்கும் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பதிவாகியிருக்கும் விஷயம்.

இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் இருக்கக்கூடிய மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இந்தக் கழிவுமலையைச் சுற்றி நிலத்தடி நீரைப் பரிசோதித்தபோது கிடைத்த உச்ச அளவு, இந்த வரம்பைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம்.

ஊர்க்காரர்களுக்கு இது கண்ணால் பார்த்த விஷயம். குரோமேட் அதிகமானால் தண்ணீர் மஞ்சளாகும். சிப்காட் பக்கம் மஞ்சள் தண்ணீர் தேங்கி நிற்கும் படங்களை நீங்களும் செய்தியில் பார்த்திருக்கலாம். ஆனால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்குக் கிட்டே போனால்தான் மஞ்சள் கண்ணுக்குத் தெரியும். பாதுகாப்பு வரம்பு அதில் இருபதில் ஒரு பங்கு. அதாவது, தெளிவாக இருக்கும் தண்ணீரும் வரம்பைத் தாண்டியிருக்கலாம். ஆன்லைனில் 200 ரூபாய்க்கு விற்கும் டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது. காய்ச்சினால் குரோமியம் போகாது, ஆவியாகும் தண்ணீர் போக இன்னும் செறிவாகும்.

விவசாயிகள் இழந்தது குரோமியத்தால் மட்டும்தானா?

இல்லை. இந்தப் பகுதியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குரோமியத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். நிலத்தை அதிகம் கெடுத்ததில் சாதாரண உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவித்தான் அனுப்புவார்கள். தோல் ஷாப்பில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. சுத்திகரிப்பு நிலையத்தில் பாக்டீரியா கரிமக் கழிவைத் தின்னும், குரோமியத்தைப் படியவைத்து எடுக்கலாம், உப்பு மட்டும் வந்த வழியே வெளியே போகும். பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகத்தான் கிடக்கிறது. தள்ளிக்கொண்டு போக ஓடும் தண்ணீர் இல்லாததால் உப்பு அப்படியே மணலுக்குள் இறங்கி, கிணறுகளுக்குப் போனது.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்பது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஆய்வு. சட்டம் படித்த நண்பர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்க, இந்த வழக்கைத் தெரியாதவர் இருக்க மாட்டார். 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்', 'ஆபத்து முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும்' என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு இது. நாடு முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

பணம் கைக்கு வந்ததா என்பது வேறு கதை. தீர்ப்புப்படி அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம் 2001-ல் ஒரு கணக்குச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 29,000 பேர். தோல் ஆலைகள் தர வேண்டிய இழப்பீடு சுமார் 26.8 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்க, ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 9,200 ரூபாய்தான். ஒரு நிலமும் கிணறும் போனதற்கு! அதையும் எதிர்த்து வழக்கு, மேல்முறையீடு. 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுங்கள், அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலியுங்கள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமையுங்கள் என்று உத்தரவிட்டு, வழக்கை முடிக்காமல் தொடர்ந்து கண்காணிப்பதாகச் சொன்னது. 1991-ல் வழக்குப் போட்ட வருஷம் பிறந்த குழந்தைக்கு இப்போது 30 தாண்டியாச்சு.

ஒப்பிட ஒரு எண். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் இருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பான் பூச்சிக்கொல்லியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2017 ஜனவரியில் கேரள அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே உடல் பாதிப்பு, இங்கே நிலம், கிணறு. இரண்டும் ஒன்றல்ல என்றாலும் இடைவெளி உறுத்துகிறது.

மூடிவிட்டால் பிரச்சனை தீராதா?

பெரும்பாலான போராட்டங்களின் கோரிக்கை இதுதான், புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ராணிப்பேட்டையில் மிக மோசமான இடம் எது? முப்பது வருஷம் முன்பே மூடப்பட்ட ஆலை. ஓடும் ஆலைக்கு ஒரு முதலாளி இருப்பார், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நோட்டீஸ் அனுப்பலாம், கரண்ட்டைத் துண்டிக்கலாம். நொடித்துப்போன நிறுவனத்துக்கு யாரிடம் நோட்டீஸ் கொடுப்பது? கணக்கில் பணம் இல்லை, மலை மட்டும் இருக்கிறது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாட்டுக்கு, மாசுபடுத்தியவர் கையில் காசு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சொல்லாமலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசியில் செலவு அரசின் தலையில், அதாவது நம்ம வரிப்பணத்தில் விழுகிறது. ஆலை நின்று கால் நூற்றாண்டுக்குப் பிறகும் ஆய்வறிக்கை, திட்ட அறிக்கை, மதிப்பீடு என்று காகிதம் நகர்ந்ததே தவிர, கழிவு நகரவில்லை.

ஓடும் ஆலைகளுக்கும் இதே சிக்கல் வேறு வடிவத்தில் இருக்கிறது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாதே என்று உத்தரவு வந்தபிறகு, தண்ணீரைப் பிரித்துவிட்டு உப்பையும் சேற்றையும் எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலாற்றில் கழிவு கலக்கக் கூடாது என்று பேசிய நம்மில் எத்தனை பேர், கலக்காத கழிவு யார் தலைக்குப் பக்கத்தில் சேர்கிறது என்று யோசித்தோம்?

சுத்தம் செய்ய முடியுமா?

முடியும். வேதியியல் ஒன்றும் புதிரில்லை. ஆறை மூன்றாக மாற்றிவிட்டால் குரோமியம் மண்ணோடு உறைந்துவிடும். அன்னபேதி உப்பு, அதாவது ஃபெரஸ் சல்பேட், இதைச் செய்யும். சர்க்கரைப்பாகுக் கழிவு மாதிரியான உணவு கொடுத்தால் மண்ணில் இருக்கும் பாக்டீரியாவும் செய்யும். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் இதே ராணிப்பேட்டை மண்ணை வைத்து பாக்டீரியா முறையைச் சோதித்திருக்கிறார்கள். கூடவே மலையின்மேல் மழை இறங்காதபடி மூட வேண்டும், மாசான நிலத்தடி நீரை மோட்டார் வைத்து இறைத்துச் சுத்திகரிக்க வேண்டும். கடைசி வேலைதான் வருஷக்கணக்கில் இழுக்கும். பாறை இடுக்கில் புகுந்த தண்ணீர் நாம் கூப்பிட்டதும் வராது.

இத்தனை நாள் இல்லாத சட்ட வழி ஒன்று 2025 ஜூலையில் வந்தது. மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கான விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும், மாநில வாரியம் குறித்த காலத்துக்குள் ஆய்வு செய்ய வேண்டும், மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும், அவர் இல்லாத 'அநாதை' இடமென்றால் மத்திய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும். அப்போது நாடு முழுக்க அடையாளம் கண்டிருந்த மாசடைந்த இடங்கள் 103. சீரமைப்பு வேலை தொடங்கியிருந்தது ஏழே இடங்களில்.

பூச்சிக்கொல்லி, உர மாசுக்கு இந்த விதிகள் அவ்வளவாக உதவாது. ராணிப்பேட்டை மலைக்கு ஒரு முகவரி இருக்கிறது, வயலில் தெளித்ததற்கு இல்லை. 2020 டிசம்பரில் ஆந்திராவின் ஏலூரில் திடீரென்று நூற்றுக்கணக்கானோர் வலிப்பு வந்து விழுந்தது ஞாபகம் இருக்கலாம். ரத்த மாதிரிகளில் ஈயமும் நிக்கலும் இருந்ததாக எய்ம்ஸ் சொன்னது. பூச்சிக்கொல்லி எச்சமாக இருக்கலாம் என்று நிபுணர்கள் சந்தேகித்தார்கள். யார் பொறுப்பு என்று விரல் நீட்ட ஒரு கேட்கூட இல்லை.

இதில் நான் என்ன பார்க்கணும்?

ஷூ போடுவதால் உங்களுக்கு ஆபத்தா என்று கேட்டால், கிட்டத்தட்ட இல்லை. சரியாகப் பதனிடாத தோலில் மட்டும் கொஞ்சம் ஆறு உருவாகி, சிலருக்குத் தோல் அலர்ஜி தரலாம். அதற்கே ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வரம்பு வைத்துவிட்டது. ஆம்பூர் ஷூ ஐரோப்பியரின் காலைக் கடிக்கக் கூடாது என்பதற்கு இருக்கும் கண்டிப்பில் பாதி, ஆம்பூர்க் கிணற்றுக்கு இருந்திருக்கலாம்.

நீங்க ஆலையில் வேலை பார்ப்பவர் என்றால் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையைப் பாருங்க. என்ன அபாயகரமான ரசாயனம் கையாளப்படுகிறது, எவ்வளவு கழிவு வருகிறது என்பதை மெயின் கேட்டுக்கு வெளியே எழுதிவைக்க வேண்டும் என்பது 2003-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. பல இடங்களில் பெயின்ட் உதிர்ந்து, பழைய வருஷத்து எண்களோடு நிற்கும். 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. எவ்வளவு கழிவு, எங்கே அனுப்பப்பட்டது என்று ஆலை வருஷா வருஷம் மாநில வாரியத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆர்டிஐ போட்டு அந்தக் கணக்கைக் கேட்கலாம். வீட்டுக் கிணறோ போரோ தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்தால், தண்ணீர்ப் பரிசோதனையில் குரோமியத்தையும் சேர்க்கச் சொல்லுங்க, வழக்கமான டெஸ்ட்டில் அது பெரும்பாலும் இருக்காது.

தமிழ்நாட்டு ஆலைகள் முறையாக அனுப்பும் அபாயகரமான கழிவில் ஒரு பகுதி எங்கே போகிறது தெரியுமா? தடாவுக்குப் போகும்போது நீங்க தாண்டிப்போகும் கும்மிடிப்பூண்டிக்குத்தான். அங்குள்ள சிப்காட்டில் அதற்கென்று புதைகுழி இருக்கிறது, அடியில் விரிப்பு, கசிவுநீரைப் பிடிக்கும் குழாய் எல்லாம் போட்டு. நிரம்பி மூடியபிறகும் 30 வருஷம் கண்காணிக்க வேண்டும் என்பது விதி.